ஹிமேஜி கோட்டைக்குப் போகுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் பலர் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்ற மூன்று ஊர்களோடு திரும்பிவிடுகிறார்கள். ஒசாகாவிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில், ஒரு சிறு குன்றின் மேல், நானூறு ஆண்டுகளுக்கு முன் மரத்தால் எழுப்பிய கோட்டை இன்னும் அப்படியே நிற்கிறது. படத்தில் பார்க்கும் அந்த வெள்ளைக் கோபுரம் மட்டுமே ஹிமேஜி அல்ல. கோபுரத்துக்கு ஏறிப் போகும் பாதையில்தான் அந்தக் கோட்டையின் மூளை இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். போக நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு அந்த எண்ணத்தோடுதான் பதில் எழுதியிருக்கிறேன்.

கோட்டை எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

ஹியோகோ மாநிலத்தில் ஹிமேஜி நகரத்தின் நடுவில் இருக்கிறது. ஒசாகா ஸ்டேஷனிலிருந்து ஜே.ஆர். ரயில்வேயின் ‘சிறப்பு விரைவு’ வண்டியில் ஒரு மணி நேரம் ஆகும். கோபேயின் சன்னோமியாவிலிருந்து 40 நிமிடம். கியோட்டோவிலிருந்து ஒன்றரை மணி நேரம். இந்த வண்டிக்குச் சாதாரண டிக்கெட்டே போதும், கூடுதல் கட்டணம் கிடையாது. ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் போனால் ஷின்-ஒசாகாவிலிருந்து அரை மணி நேரம்தான், ஆனால் கட்டணம் இரண்டு மடங்குக்கும் மேல். ரயில் பாஸ் கையில் இல்லாதவர்களுக்கு நான் ‘சிறப்பு விரைவு’ வண்டியைத்தான் சொல்வேன்.

ஸ்டேஷனின் வடக்கு வாசலில் வெளியே வந்தாலே, நேராகப் போகும் ஒதேமாயே சாலையின் மறுமுனையில் கோட்டை தெரியும். ஒரு கிலோமீட்டர் சொச்சம் தூரம். பஸ் இருக்கிறது, இருந்தாலும் நடந்தே போங்கள். அகலமான நடைபாதை, இருபுறமும் மரங்கள். அடி எடுத்து வைக்க வைக்கக் கோபுரம் பெரிதாகிக்கொண்டே வருவதைப் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து பார்க்க முடியாது. பெட்டிகளை ஸ்டேஷன் லாக்கரில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இது நிஜமாகவே பழைய கோட்டையா, பிற்காலத்தில் கட்டிய நகலா?

பழையதேதான். ஜப்பானில் கோட்டைகள் நிறைய உண்டு, ஆனால் அவற்றில் பலவும் இருபதாம் நூற்றாண்டில் கான்கிரீட்டில் மறுபடி கட்டியவை. ஒசாகா கோட்டையில் இன்று நாம் பார்க்கும் கோபுரம் 1931-இல் கான்கிரீட்டில் எழுப்பியது. நகோயா கோட்டையின் கோபுரம் 1945 குண்டுவீச்சில் எரிந்து, 1959-இல் கான்கிரீட்டில் திரும்ப எழுந்தது. பழைய கோபுரம் அப்படியே பிழைத்திருக்கும் கோட்டைகள் நாடு முழுவதும் 12 மட்டுமே. அவற்றில் ‘தேசியப் பொக்கிஷம்’ என்ற தகுதி பெற்றவை ஐந்து: ஹிமேஜி, மட்சுமோட்டோ, ஹிகோனே, இனுயாமா, மட்சுயே. இவற்றில் மிகப் பெரியது ஹிமேஜி. கோபுரம் மட்டுமல்ல, வாயில்கள், காவல் கூடங்கள், மதில்கள் எல்லாம் சேர்ந்து ஒரு முழுக் கோட்டையாகப் பிழைத்திருப்பதுதான் இதன் தனிச்சிறப்பு. 1993-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஜப்பான் முதன்முதலாக இடம்பிடித்தபோது, அந்த முதல் தொகுப்பிலேயே ஹிமேஜியும் இருந்தது.

யார் கட்டியது?

ஒரே ஆள் கட்டியதில்லை. 1333-இல் அகாமட்சு குடும்பத்தினர் ஹிமேயாமா என்ற இந்தக் குன்றில் சிறு அரண் ஒன்றை அமைத்ததாக வரலாறு தொடங்குகிறது. 1580 வாக்கில், பிற்காலத்தில் ஜப்பானை ஒன்றிணைத்த தளபதி டொயொடோமி ஹிதேயோஷி மூன்று மாடிக் கோபுரம் எழுப்பினார். 1600-இல் நாட்டின் ஆட்சி யாருக்கு என்பதை முடிவுசெய்த செகிகஹாரா போரில் டோக்குகாவா இயெயாசு வென்ற பிறகு, அவருடைய மருமகன் இகேதா தெருமாசா கைக்கு ஹிமேஜி வந்தது. இவர் ஹிதேயோஷியின் கோபுரத்தைப் பிரித்துவிட்டு, 1601 முதல் 1609 வரை உழைத்து இன்று நாம் பார்க்கும் கோட்டையை உருவாக்கினார். அடுத்து வந்த ஹோண்டா குடும்பத்தார் மேற்குப் பக்கத்தில் நிஷினோமாரு என்ற பகுதியைச் சேர்த்தார்கள்.

குன்று கடல் மட்டத்திலிருந்து 45.6 மீட்டர். அதன் மேல் சுமார் 15 மீட்டர் கல் மேடை. அதற்கு மேல் 31.5 மீட்டர் கோபுரம். ஊரில் எங்கே நின்றாலும் அது கண்ணில் படுவதற்கு இந்த மூன்றும் சேர்ந்த உயரம்தான் காரணம்.

ஏன் இத்தனை வெள்ளை?

அழகுக்காக மட்டும் அல்ல, தீக்குப் பயந்துதான். மரக் கட்டடத்துக்கு நெருப்பும் துப்பாக்கியும்தான் எமன். அதனால் சுவர், இறவாணத்தின் அடிப்பக்கம் என்று மரம் வெளியே தெரியாமல் ஷிக்குயி என்ற சாந்தைப் பூசினார்கள். சுண்ணாம்பு, கடற்பாசியைக் காய்ச்சி எடுத்த பசை, சணல் நார் ஆகியவற்றைக் கலந்து செய்வது அது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் கலந்து பூசியதை அறிந்தவர்களுக்கு இந்த வேலை அந்நியமாகத் தோன்றாது.

கூரையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஓடு சாம்பல் நிறம்தான். ஓடும் ஓடும் சேரும் இடங்களில் இதே சாந்தைத் திரட்டிப் பூசியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது அந்த வெள்ளைக் கோடுகள் ஒன்றாகக் கலந்து கூரையே வெள்ளையாகத் தெரிகிறது. காற்றோடும் மழையோடும் சாந்தின் மேல் பூஞ்சை படிந்து வருடத்துக்கு வருடம் கறுக்கும். 2009-இல் தொடங்கிய பெரிய பராமரிப்பு முடிந்து 2015 மார்ச்சில் கோபுரத்தைத் திறந்தபோது, ‘இவ்வளவு வெள்ளையா’ என்று உள்ளூர்க்காரர்களே முகம் சுளித்தார்கள். அவர்கள் கண்ணுக்குப் பழகியிருந்தது பல ஆண்டுப் பூஞ்சை ஏறிய சாம்பல் வெள்ளை.

கோபுரம் கண்ணெதிரே இருக்கிறதே, ஏறிப் போக ஏன் இவ்வளவு நேரம்?

ஏனென்றால் உங்களைத் தாமதப்படுத்துவதற்காகவே அந்தப் பாதையை அமைத்திருக்கிறார்கள். தயவுசெய்து வேகமாகக் கடந்துவிடாதீர்கள்.

டிக்கெட் வாங்கி உள்ளே போனதும் ஹிஷி வாயில். அதைத் தாண்டினால் இ, ரோ, ஹா, நி, ஹோ என்று பழைய ஜப்பானிய எழுத்து வரிசையில் பெயர் வைத்த வாயில்கள். உள்ளே போகப் போக வாயில்கள் பொதுவாகக் குறுகும், தாழும். ஹா வாயிலுக்குப் போகும் சரிவில் நிற்கும்போது கோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல இருக்கும். கொஞ்சம் நடந்ததும் பாதை சட்டென்று வந்த திசைக்கே திரும்பும், கோபுரம் முதுகுப் பக்கம் போய்விடும். இன்னும் மேலே, நீர் வாயில்கள் இருக்கும் இடத்தில், பாதை கீழ்நோக்கி இறங்கும். வாளோடு ஓடிவரும் எதிரிக்கு அந்த இடத்தில் என்ன தோன்றும்? ‘கோபுரம் மேலே இருக்கிறது, நாம் இறங்குகிறோம், வழி தவறிவிட்டோம்’ என்றுதான். அவன் தயங்கி நிற்கும் அந்தக் கணத்துக்காகத்தான் சுவர்களில் துளைகள் காத்திருக்கின்றன.

அந்தத் துளைகளை நின்று கவனியுங்கள். வட்டம், முக்கோணம், சதுரம் ஆகியவை துப்பாக்கிக்கு. நின்ற வாக்கில் நீளமாக இருப்பவை வில்லுக்கு. கோட்டை முழுவதும் ஆயிரத்துக்குச் சற்று முன்பின்னாக இன்னும் பிழைத்திருக்கின்றன. ஏதாவது ஒன்றில் உள்பக்கமாகக் குனிந்து பாருங்கள். உள்ளே அகன்றும் வெளியே ஒடுங்கியும் இருக்கும். சுடுபவன் துப்பாக்கியை இப்படியும் அப்படியும் திருப்பலாம், வெளியே இருப்பவனுக்கோ சிறு ஓட்டைதான் இலக்கு. நீங்கள் சற்று முன் நடந்து வந்த சரிவு முழுவதும் அந்த ஓட்டைக்குள் அடங்கித் தெரியும்போது, இந்தக் கோட்டையைத் திட்டமிட்டவர்களின் மேல் மரியாதை வரும்.

மதில் கற்களையும் விடாதீர்கள். அவசரத்தில் கிடைத்த கல்லையெல்லாம் வைத்துக் கட்டியதால், பழங்காலக் கல் சவப்பெட்டிகள்கூட மதிலுக்குள் போயிருக்கின்றன. பிஸென் வாயிலின் பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் பெரிய பலகைக் கல் அப்படிப்பட்டது. இன்னோரிடத்தில் கம்பி வலை போட்டுக் காக்கும் ஒரு சிறு கல்லைக் காணலாம். ஹிதேயோஷி கல் கிடைக்காமல் திண்டாடியபோது, ஏழைக் கிழவி ஒருத்தி தன் திரிகைக் கல்லைக் கொடுத்தாளாம், அதைக் கேள்விப்பட்டு ஊரே கல் கொண்டுவந்து குவித்ததாம். அந்தக் கல்தான் இது என்பது ஊர் வழக்கு.

இவ்வளவு ஏற்பாடு செய்தார்களே, இங்கே போர் நடந்ததா?

இன்றைய கோட்டை எழுந்த பிறகு ஒரு முறைகூட முற்றுகை நடக்கவில்லை. ஆபத்து வேறு வழிகளில் வந்தது. 1868-இல் தொடங்கிய மேஜி ஆட்சியில் கோட்டைகள் வேண்டாத சுமையாகிவிட்டன. ஹிமேஜி கோட்டை 23 யென் சொச்சத்துக்கு ஏலம் போனதாகவும், பிரித்தெடுக்கும் செலவு கட்டுப்படியாகாமல் வாங்கியவர் கைவிட்டதாகவும் சொல்வார்கள். பிறகு கோட்டை ராணுவத்தின் வசம் சிதிலமாகிக் கிடந்தது. 1878-இல் நகமுரா ஷிகேதோ என்ற ராணுவ கர்னல், இதைக் காப்பாற்ற வேண்டும் என்று அமைச்சர் யமகாதா அரிதோமோவுக்கு மனு எழுதினார். அவருக்கான நினைவுக் கல் ஹிஷி வாயிலுக்கு உள்ளே இருக்கிறது. கோபுரத்தைப் பார்க்கும் அவசரத்தில் கூட்டம் அதைக் கவனிக்காமலே போகிறது. எனக்கு அது மிகவும் வருத்தம் தருகிறது. அரை நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

1945 ஜூலை 3 இரவு அமெரிக்க விமானங்கள் ஹிமேஜி மேல் தீக்குண்டுகளைப் பொழிந்தன. வெள்ளைச் சுவர் இரவிலும் கண்ணுக்குத் தெரியும் என்று முன்கூட்டியே கறுப்பு வலை போட்டு மூடியிருந்தார்கள். கோட்டையைச் சுற்றியிருந்த ஊர் எரிந்து சாம்பலானது. கோபுரத்தின் மேல்மாடியில் விழுந்த குண்டு வெடிக்கவில்லை. விடிந்ததும் எரிந்த ஊருக்கு நடுவே கோட்டை நின்றதைப் பார்த்து மக்கள் அழுதார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து நீங்கள் நடந்துவரும் ஒதேமாயே சாலை, அந்தச் சாம்பலுக்குப் பின் புதிதாக அமைத்த அகலச் சாலை.

கோபுரத்துக்குள் என்ன இருக்கிறது? உள்ளே காலி என்கிறார்களே?

அரண்மனைச் சாமான்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பிரபுக்கள் இந்தக் கோபுரத்தில் குடியிருந்ததில்லை, இது ஆயுதக் கிடங்கு, கடைசி அரண். வெளியே ஐந்து அடுக்காகத் தெரியும், உள்ளே ஆறு தளமும் ஒரு நிலவறையும் உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையிலேயே எடுத்துப் போக வேண்டும். குளிர்காலத்தில் தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும். தடித்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

துப்பாக்கியும் ஈட்டியும் மாட்டும் தாங்கிகள் வரிசையாக இருக்கின்றன. மூலைகளில் வீரர்கள் பதுங்கும் மறைவறைகள். உயர ஜன்னல்களுக்கு எட்டுவதற்காக அமைத்த மேடைகள். கீழே ஏறி வருபவர்கள் தலையில் கல்லைத் தள்ளுவதற்கான சந்துகள். நிலவறையில் கழிப்பறைகூட உண்டு, யாரும் பயன்படுத்திய தடயம் இல்லை. உச்சித் தளத்தில் ஒசகாபே என்ற சிறு கோயில். குன்றின் பழைய தெய்வம் அது. ஹிதேயோஷி காலத்தில் குன்றைவிட்டு அகற்றி, பிறகு தெய்வக் கோபத்துக்கு அஞ்சித் திரும்ப அழைத்து வந்ததாகக் கதை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தவை இரண்டு தூண்கள். கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று, நிலவறையிலிருந்து ஆறாம் தளத்தின் அடிவரை 24.6 மீட்டர் உயரம். கோபுரத்தின் மொத்தப் பாரமும் இவற்றைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. 1956 முதல் 1964 வரை கோபுரத்தை முழுதாகப் பிரித்துத் திரும்பக் கோத்தார்கள். மேற்குத் தூண் உளுத்துப் போயிருந்ததால் கிசோ காட்டிலிருந்து ஒரு ஹினோகி மரத்தைக் கொண்டுவந்தார்கள், வழியில் முறிந்துவிட்டது. கடைசியில் ஹியோகோவிலேயே கசகாதா கோயில் மரம் ஒன்றையும் சேர்த்து, இரண்டு துண்டுகளாக இணைத்துத் தூணை நிறுத்தினார்கள். மூன்றாம் தளத்தில் அந்த இணைப்பு இருக்கிறது. கைவைக்காமல், பக்கத்தில் நின்று பாருங்கள்.

கோபுரம் சாய்ந்திருந்தது என்பது உண்மையா?

உண்மை. தென்கிழக்காகச் சாய்ந்திருந்தது. தலைமைத் தச்சர் சகுராய் கென்பெய் வேலை முடிந்ததும் மனைவியை மேலே அழைத்துப் போனாராம். ‘அழகாக இருக்கிறது, கொஞ்சம் சாய்ந்த மாதிரி தெரிகிறதே’ என்றாளாம் அவள். தன் கண்ணுக்குத் தெரியாதது அவள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டதே என்று உளியை வாயில் கவ்விக் குதித்து உயிரை விட்டாராம் அவர். இது கதை. தச்சன் கணக்கில் பிழை இருக்கவில்லை. கோபுரத்தின் பாரம் தாங்காமல் அடித்தளக் கற்கள் நிலத்துக்குள் இறங்கியதுதான் காரணம். 1964-இல் முடிந்த வேலையில் அடியில் கான்கிரீட் தளம் போட்டு அதைச் சரிசெய்துவிட்டார்கள்.

வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா?

மறைக்காமல் சொல்கிறேன்: கோபுரத்துக்குள் லிஃப்ட் கிடையாது, படிகள் ஏணி மாதிரி செங்குத்தானவை. மேலே போகப் போக இன்னும் மோசம். முழங்கால் வலி உள்ள அப்பா அம்மாவைக் கோபுரத்துக்குள் ஏற்ற வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம், கூட்ட நாளில் பின்னால் வரிசை நெருக்கும். வாயில்களுக்கு நடுவிலான பாதையும் சரிவும் கற்படியுமாகத்தான் இருக்கும், சக்கர நாற்காலிக்கு ஏற்றதல்ல.

அதற்காக அவர்களை ஓட்டலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. சன்னோமாரு என்ற பெரிய புல்வெளி இலவசம், சமதளம், அங்கிருந்தே முழுக் கோபுரமும் தெரியும். பக்கத்தில் கோகோயென் தோட்டம் இருக்கிறது, தனிக் கட்டணம் உண்டு. பழைய சாமுராய் வீடுகள் இருந்த இடத்தில் 1992-இல் திறந்தது. ஒன்பது தனித்தனித் தோட்டங்கள், நடுவில் ஒரு தேநீர் இல்லம். நடக்க முடிந்தவர்கள் கோபுரம் ஏறி வரும்வரை மற்றவர்கள் அங்கே நிம்மதியாக இருக்கலாம்.

குழந்தைகளுக்கு இந்த இடம் பிடிக்கும். படிகளில் கைப்பிடியை விடாமல் ஏறச் சொல்லுங்கள். கைக்குழந்தை என்றால் வண்டி உதவாது, நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பை வேண்டும்.

டிக்கெட் எவ்வளவு? எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

2026 மார்ச் முதல் வெளியூர்க்காரர்களுக்கு, 18 வயதும் அதற்கு மேலும் என்றால், 2,500 யென். 18 வயதுக்குக் கீழே இலவசம். ஹிமேஜி நகரவாசிகளுக்குப் பழைய 1,000 யென்தான். ஏற்றம் அதிகம் என்று சிலர் குறைப்படுகிறார்கள். மரக் கோட்டையைப் பராமரிக்கும் செலவை நினைத்தால் எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

காலை 9 மணிக்குத் திறப்பார்கள். கடைசி நுழைவு மாலை 4 மணி, 5 மணிக்கு மூடுவார்கள். டிசம்பர் 29, 30 விடுமுறை. திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பத்தரைக்கு மேல் ஒசாகாவிலிருந்து குழுக்கள் வந்திறங்கும். கோட்டைக்கு மட்டும் இரண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்கள், தோட்டத்தையும் சேர்த்தால் அரை நாள்.

நிஷினோமாரு பார்க்க வேண்டுமா? நேரம் போதவில்லை என்றால் விட்டுவிடலாமா?

விடாதீர்கள். கோபுரத்தில் ஆண்களின் போர்க் கணக்கு இருக்கிறது என்றால், இங்கே ஒரு பெண்ணின் வாழ்க்கை இருக்கிறது. சென் இளவரசி டோக்குகாவா இயெயாசுவின் பேத்தி. ஏழு வயதில் அரசியலுக்காக ஹிதேயோஷியின் மகன் டொயொடோமி ஹிதேயோரிக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். 1615-இல் அவளுடைய சொந்தத் தாத்தாவின் படையே ஒசாகா கோட்டையை அழித்தது, கணவன் உயிரை மாய்த்துக்கொண்டான். மறு வருடம் ஹோண்டா தததோகியை மணந்து, 1617-இல் ஹிமேஜிக்கு வந்தாள். இங்கே பெண் குழந்தை ஒன்று, பிறகு ஆண் குழந்தை ஒன்று. மகன் மூன்று வயதில் இறந்தான். 1626-இல் கணவனும் போய்விட்டான். அவள் எடோ நகருக்கு (இன்றைய டோக்கியோ) திரும்பித் துறவு வாழ்க்கை மேற்கொண்டாள்.

நிஷினோமாருவின் நீண்ட மர நடைகூடம் 200 மீட்டருக்கும் மேல், ஒரு பக்கம் சின்னச் சின்ன அறைகளோடு வளைந்து வளைந்து போகும். பணிப்பெண்கள் இருந்த இடம் என்பார்கள். கடைசியில் அவள் பெயரோடு சேர்ந்த ஒப்பனைக் கூடம். எதிரே ஒதோகோயாமா என்ற குன்றில் அவள் வணங்கிய கோயில். இந்தக் கூடத்தில் இருந்தபடியே அதைப் பார்த்துக் கும்பிட்டாளாம். கோபுரத்தை ஏறி இறங்கிய பிறகு வந்தால் களைப்பில் மனம் பதியாது. ஹிஷி வாயில் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பி இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

ஆவி இருக்கும் கிணறு எது?

கோபுரத்திலிருந்து இறங்கி வரும் வழியில், கம்பி போட்டு மூடிய ஒகிகு கிணறு. விலை மதிப்பில்லாத பத்துத் தட்டுகளில் ஒன்றை ஒளித்துவைத்து, பழியை ஒகிகு என்ற பணிப்பெண் மேல் போட்டுக் கொன்று கிணற்றில் எறிந்தார்களாம். இரவானால் ஒன்று, இரண்டு என்று எண்ணி ஒன்பதோடு நிறுத்தி அழும் குரல் கேட்குமாம். ஜப்பானில் இந்தக் கதை தெரியாத ஆள் இல்லை, வேறு ஊர்களிலும் இதே கதைக்கு வேறு கிணறு காட்டுவார்கள்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் முதல் வாரம் வாக்கில் செர்ரிப் பூக்கள். கோட்டையைச் சுற்றி ஏறக்குறைய ஆயிரம் மரங்கள். அழகு கொள்ளை அழகு, கூட்டமும் அதே அளவு. அந்த நாட்களிலும் மே மாதத் தொடக்க விடுமுறையிலும் கோபுரத்துக்குள் போக எண் சீட்டு கொடுத்துக் காக்க வைப்பதுண்டு. நவம்பர் கடைசியை நான் சிபாரிசு செய்வேன்: இலைகள் சிவந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும். ஆகஸ்டில் போகாதீர்கள், கோபுரத்துக்குள் ஏ.சி. கிடையாது, சென்னை வெயில் பழகியவர்களுக்கே மூச்சு முட்டும்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

கவனம் வேண்டும். ஹிமேஜியின் பெயர்பெற்ற சாப்பாடு, இஞ்சி கலந்த சோயா சாஸில் தொட்டுச் சாப்பிடும் ஒதேன், அதாவது ரசத்தில் வேகவைத்த பல வகைத் துண்டுகள். முள்ளங்கி, டோஃபு என்று பார்க்கச் சைவமாகத் தெரியும், ஆனால் வேகும் ரசம் பெரும்பாலும் மீனில் எடுத்தது. ஊதோன் நூடுல்ஸ், மிசோ சூப் எல்லாவற்றிலும் இதே சிக்கல். அசைவம் சாப்பிடுபவர்கள் கடல் விலாங்கு மீன் வைத்த சாதத்தைத் தேடிச் சாப்பிடுங்கள், செட்டோ கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. சுத்த சைவம் என்றால் பழம், ரொட்டி, கொட்டைகள் ஒரு பையில் இருக்கட்டும். கோட்டை டிக்கெட் பகுதிக்குள் உணவுக்கு இடமில்லை, சன்னோமாரு புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம். குப்பையைக் கையோடு எடுத்து வாருங்கள், தொட்டிகள் அரிது.

நல்ல படம் எங்கிருந்து எடுப்பது?

எல்லாரும் நிற்பது சன்னோமாரு. கிட்டத்தில் கோபுரம் முழுதாக வேண்டும் என்றால் பிஸென்-மாரு முற்றம். இகேதாவின் மாளிகை அங்கே இருந்தது, 1882-இல் எரிந்துபோனது, இப்போது வெறும் வெளி. கூட்டம் குறைந்த இடம் வேண்டுமா? நகரக் கலைக்கூடத்தின் செங்கல் கட்டடத்துப் பக்கம் போங்கள். பழைய ராணுவக் கிடங்கு அது, சிவப்புச் செங்கலுக்குப் பின்னால் வெள்ளைக் கோபுரம். ஒதோகோயாமா குன்றில் ஏறினால் மேற்கிலிருந்து காட்சி கிடைக்கும், மாலை வெயில் நேராகச் சுவரில் படும். ட்ரோன் பறக்கவிட அனுமதி இல்லை.

அதே நாளில் வேறென்ன பார்க்கலாம்?

ஷோஷா மலையின் எங்கியோஜி கோயில். 966-இல் தொடங்கியது, பெருமரக் காட்டுக்குள் பரந்து கிடக்கும் மரக் கோயில்கள். ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம், பிறகு ரோப்வே, அதற்குப் பிறகும் நல்ல நடை. காலையில் கோட்டை முடித்துவிட்டு மதியம் ஒரு மணிக்குள் பஸ் ஏறினால் இரண்டையும் பார்த்துவிடலாம். ரோப்வேயின் கடைசி வண்டி நேரத்தைக் கீழேயே கேட்டுக்கொண்டு ஏறுங்கள், தவறவிட்டால் இருட்டில் காட்டுப் பாதையில்தான் இறங்க வேண்டும்.